தங்க முத்திரை குத்திய பிரபுக்களும் உயில் எழுதிய குமாஸ்தாவும்

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் சில பழைய லத்தீன் புத்தகங்கள் இருக்கின்றன. முதல் பக்கத்தைத் திறந்தால், ஒரே பக்கத்தில் மூன்று பேர் பெயர்!

மேலே "தாமஸ் கான்டுவாரியன்" என்று மையினால் எழுதியிருக்கும். அதே பக்கத்தில் "அருண்டெல்" என்று இன்னொரு பெயர். அடியில் "லம்லி" என்று மூன்றாவது பெயர்.

புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தால் அந்த மூவருக்கும் சம்பந்தமில்லாத நாலாவது ஆளின் சின்னம் தங்கத்தில் மின்னும்.

சீர்வரிசைக் குடத்தில் பெயர் வெட்டுவது நம் வீடுகளில் வழக்கம். குடம் கைமாறிப் போனாலும் பெயர் போகாது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், யாரோ ஒருவர் பெயருடன் கிடக்கும். இந்தப் புத்தகங்களின் கதையும் அதுதான். குடத்துக்காக யாரும் தலையைக் கொடுத்ததில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

முட்டை வெள்ளைக்கருவும் தங்க ரேக்கும்

இன்று கடையில் புத்தகம் வாங்கினால் அட்டையோடு கிடைக்கிறது. 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படி இல்லை. அச்சடித்த தாள்களாகவோ, சாதாரணத் தையலுடனோதான் பெரும்பாலும் விற்றார்கள். நல்ல அட்டை வேண்டுமென்றால் வாங்கியவர் தன் செலவில் பைண்டிங் செய்துகொள்ள வேண்டும்.

பணக்காரப் பிரபுக்கள் இதை ஒரு கௌரவமாகவே ஆக்கிக் கொண்டார்கள். கன்றுத்தோலில் அட்டை போட்டு, நடுவில் தங்கள் குலச் சின்னத்தைத் தங்கத்தில் பொறிக்கச் சொன்னார்கள்.

சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில், பாண்டியனுக்கு மீன் என்பது நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் அரசனுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு சீமான் குடும்பத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. யாருக்கு எந்தச் சின்னம் உரியது என்று பதிவு செய்வதற்கே 1484-ல் ஒரு தனிக் காரியாலயம் ஏற்பட்டது. இன்றைக்கும் அது இயங்கி வருகிறது.

சின்னத்தைப் பொறிப்பது சாமானிய வேலை அல்ல. முதலில் சின்னத்தைப் பித்தளையில் அச்சாக வெட்ட வேண்டும். தோலின் மீது முட்டையின் வெள்ளைக்கருவைப் பூச வேண்டும். அதன்மேல் தங்க ரேக்கைப் பரப்ப வேண்டும். பிறகு, காய்ச்சிய பித்தளை அச்சை வைத்து அழுத்த வேண்டும். சூடு பட்ட இடத்தில் வெள்ளைக்கரு இறுகித் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் உள்ள ரேக்கைத் துடைத்து எடுத்து விடலாம்.

சூடு கூடினால் தோல் கருகும். குறைந்தால் தங்கம் ஒட்டாது. ஒரே அழுத்தில் முடிய வேண்டும். 400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தங்கம் மங்காமல் இருக்கிறது என்றால், அந்தக் கைகளின் திறமையைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்தக் கைகள் பெரும்பாலும் வெளியூர்க் கைகள்! இந்த வித்தை இஸ்லாமிய நாடுகளில் இருந்து இத்தாலிக்கு வந்து, அங்கிருந்து பிரான்சுக்குப் போய், கடைசியில்தான் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. பிழைப்புத் தேடியும், மதக் கொடுமைக்குத் தப்பியும் லண்டனுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் இதில் கை தேர்ந்திருந்தார்கள்.

வெளியூர்க்காரன் வந்து பிழைப்பைக் கெடுக்கிறான் என்ற புகார் அன்றும் எழுந்தது. வெளிநாட்டில் பைண்டிங் செய்த புத்தகங்களைக் கொண்டுவந்து விற்கக் கூடாது என்று 1534-ல் பார்லிமெண்ட் சட்டமே போட்டது. உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு வேலை இல்லை என்பதே சட்டம் சொன்ன காரணம். ஆனால் அழகான பைண்டிங் வேண்டும் என்ற பிரபுக்கள், வந்தேறியவர்களின் பட்டறையைத்தான் தேடிப் போனார்கள்.

அன்று புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் முறையும் வேறு. முதுகு உள்ளேயும், தாள் விளிம்பு வெளியேயும் இருக்கும்படி வைப்பார்கள். முதுகில் பெயர் போடும் வழக்கம் பரவலாக வரவில்லை. ஆகவே புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைக்கும்போதுதான் அட்டையின் சின்னம் தெரியும். விருந்தாளி வரும்போது மேஜையில் எதை வைப்பது என்று பிரபுக்கள் யோசித்திருப்பார்கள் அல்லவா?

கரடியும் பிறையும்

எலிசபெத் ராணியின் அரசவையில் அவருக்கு மிகவும் வேண்டியவராக இருந்தவர் ராபர்ட் டட்லி. லெஸ்டர் பிரபு என்று பட்டம் பெற்றவர்.

இவருடைய புத்தக அட்டையில் ஒரு கரடி இருக்கும். முண்டும் முடிச்சுமான ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இருபுறமும் "ஆர்", "டி" என்று அவர் பெயரின் முதல் எழுத்துக்கள்.

கரடியின் தோளை உற்றுப் பார்த்தால் ஒரு சிறு பிறை தெரியும். அதே கரடிச் சின்னம் அவருடைய அண்ணன் வார்விக் பிரபுவுக்கும் உண்டு. "இது அண்ணனுடையது அல்ல, தம்பியுடையது" என்று காட்டவே பிறை. அண்ணன் தம்பிக்குள் புத்தகம் மாறிவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான்!

டட்லி குடும்பத்துக்கு அரண்மனை ராசி இல்லை. தாத்தாவை 1510-ல் தலை வெட்டினார்கள். தகப்பனாரை 1553-ல் தலை வெட்டினார்கள். ராபர்ட்டுக்கும் மரண தண்டனை விதித்து, லண்டன் கோட்டையில் அடைத்து, பிறகு விடுவித்தார்கள். இத்தனையும் பார்த்த பிறகும் மீண்டும் அரண்மனைப் படியேறி உச்சிக்குப் போனவர் அவர்.

அவருடைய தயவை நாடி எழுத்தாளர்கள் தங்கள் நூல்களை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். சமர்ப்பணப் பிரதியில் கரடியைப் பொறித்தே கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. எனவே சின்னம் இருந்தால் அவர் வாங்கியது என்று அர்த்தமல்ல. படித்தார் என்றும் அர்த்தமல்ல. அரச சின்னத்தை வெறும் அலங்காரமாகவே அட்டையில் போட்டு விற்ற பைண்டர்களும் இருந்தார்கள். அந்தப் புத்தகங்களை ராஜா கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

1588 செப்டம்பரில் லெஸ்டர் பிரபு இறந்தபோது கழுத்தளவு கடன். ராணிக்கே பெருந்தொகை பாக்கி. அவருடைய சாமான்களுக்கு அதிகாரிகள் பட்டியல் போட்டார்கள். கரடிப் புத்தகங்கள் பல கைகளுக்குச் சிதறிப் போயின. இன்று அவை பல நாட்டு நூலகங்களில் ஒன்றும் இரண்டுமாகக் கிடைக்கின்றன.

கைமாறிய நூலகம்

மூன்று பெயர் கொண்ட புத்தகங்களுக்கு வருவோம்.

"தாமஸ் கான்டுவாரியன்" என்பது தாமஸ் கிரான்மர். கான்டர்பரியின் தலைமைப் பேராயர். எட்டாம் ஹென்றி மன்னருக்கு முதல் மனைவியுடனான திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னவர். பெரிய நூலகம் வைத்திருந்தார். முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைத்தது அவருடைய காரியதரிசி.

1553-ல் மேரி ராணி பட்டத்துக்கு வந்தார். செல்லாது என்று கிரான்மர் சொன்னாரே, அந்தத் திருமணத்தில் பிறந்த மகள்! கிரான்மர் கைதானார். சொத்துக்கள் பறிமுதல் ஆயின. 1556 மார்ச் 21-ந் தேதி ஆக்ஸ்போர்டில் அவரை உயிரோடு எரித்தார்கள். உயிருக்குப் பயந்து முன்பு மன்னிப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டிருந்த வலது கையை முதலில் தீயில் நீட்டினார் என்பது சரித்திரம்.

அவருடைய புத்தகங்களில் பெரும்பகுதி அருண்டெல் பிரபுவின் வீட்டுக்குப் போயிற்று. மேரி பட்டத்துக்கு வரத் துணை நின்றவர் இவர். லெஸ்டரின் தகப்பனாரைக் கேம்பிரிட்ஜில் கைது செய்தவரும் இவரே. அரசவை என்பது அவ்வளவு சின்ன ஊர்!

அருண்டெலின் சின்னம், வாயில் கருவாலிக் கிளை கவ்விய வெள்ளைக் குதிரை. சில புத்தகங்களில் அதைப் பொறித்தார். எட்டாம் ஹென்றி கட்டிய "நன்சச்" என்ற அரண்மனை 1556-ல் இவர் கைக்கு வந்தது. "இதற்கு இணையில்லை" என்பது அந்தப் பெயரின் பொருள். புத்தகங்களும் அங்கே குடியேறின.

அருண்டெலின் ஒரே மகன் 1556-ல் வெளிநாட்டில் இறந்து போனான். மூத்த மகள் ஜேன் கிரேக்கம் கற்றவர். தகப்பனார் வீட்டுப் புத்தகங்களில் வளர்ந்தவர். கிரேக்க நாடகம் ஒன்றை இங்கிலீஷில் எழுதினார். இன்று கிடைக்கும் வரையில், கிரேக்க நாடகம் ஒன்றின் முதல் இங்கிலீஷ் ஆக்கம் அதுதான். அட்டையில் அந்தப் பெண்ணின் சின்னத்தை யாரும் பொறிக்கவில்லை. ஆனால் புத்தகங்களைப் பயன்படுத்தியவர் அவர்.

ஜேனின் கணவர்தான் லம்லி பிரபு. மாமனாருக்குப் பிறகு நூலகம் இவருக்கு வந்தது. தன் பெயரைப் பக்கத்தின் அடியில் எழுதினார்.

லம்லிக்கும் நிம்மதி இல்லை. எலிசபெத் ராணிக்கு எதிரான சதியில் சம்பந்தம் என்று 1571-ல் சிறைக்குப் போனார். 1573-ல் வெளியே வந்தார். ஜேனுக்குப் பிறந்த பிள்ளைகள் மூவரும் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1578-ல் ஜேனும் இறந்தார். மாமனார் வைத்த கடன் இவர் தலையில் விழுந்தது. கடனுக்கு ஈடாக 1592-ல் நன்சச் அரண்மனையையே ராணிக்குக் கொடுத்துவிட்டார்.

அரண்மனையைக் கொடுத்தாலும் புத்தகங்களை விடவில்லை. சாகும் வரை சேர்த்தார். 1609-ல் அவர் இறந்தபோது சுமார் 3,000 புத்தகங்கள் இருந்தன. வாரிசு இல்லை. ஜேம்ஸ் மன்னர் தம் மகன் ஹென்றி இளவரசருக்காக அந்த நூலகத்தைப் பெற்றார்.

இளவரசருக்கு அப்போது 15 வயது. ஏராளமான புத்தகங்களுக்கு மொத்தமாகப் புது பைண்டிங் போட்டார்கள். நடுவில் அரச சின்னம். மூலைகளில் ரோஜா, சிங்கம், இறகு. பழைய அட்டைகளைக் கழற்றி எறிந்தார்கள். வெள்ளைக் குதிரைகள் பல போனது அப்போதுதான்.

நான்கு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 1612 நவம்பரில் விஷக் காய்ச்சலில் இளவரசர் இறந்தார். வயது 18. பட்டத்துக்கு வந்தது தம்பி சார்லஸ். அவரையும் 1649-ல் தலை வெட்டினார்கள்!

மன்னரின் படங்களும் பண்டங்களும் விற்பனைக்குப் போன நேரம் அது. புத்தகங்களும் போயிருக்கும். ஒயிட்லாக் என்ற வழக்கறிஞர் நூலகப் பொறுப்பைத் தானே ஏற்று அதைச் சிதறாமல் காத்தார். 1731-ல் அது இருந்த வீட்டில் தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்த வேறொரு அருமையான சேகரிப்பு பலத்த சேதம் அடைந்தது. இது பெரும்பாலும் தப்பித்தது. 1757-ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்.

அங்கேயாவது நிம்மதி கிடைத்ததா? ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை விற்றுவிடலாம் என்று மியூசியம் முடிவு செய்தது. "விற்பனைக்கான இரட்டைப் பிரதி, 1787" என்று ஒரு முத்திரை குத்தி ஏலத்தில் விட்டார்கள். பேராயர், பிரபு, மருமகன், இளவரசர் ஆகியோருடைய அடையாளங்களுக்கு மேல், கடைசியாக ஓர் ஆபீஸ் முத்திரை!

நன்சச் அரண்மனை இன்று இல்லை. 1680-களில், இரண்டாம் சார்லஸ் மன்னரின் காதலி ஒருத்தி அதை இடித்துக் கல்லும் மரமுமாக விற்றுவிட்டாள்.

தையற்காரர் மகன்

இனி வேறொரு ஆள். இவர் பிரபு அல்ல. தையற்காரர் மகன். பெயர் சாமுவேல் பெப்பிஸ். எழுத்து அப்படி இருந்தாலும் இங்கிலீஷ்காரர்கள் "பீப்ஸ்" என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

1633-ல் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மாட்லின் கல்லூரியில் படித்தார். பெரிய இடத்து உறவினர் ஒருவர் சிபாரிசில் 1660-ல் கடற்படைக் காரியாலயத்தில் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் "கிளார்க்". சம்பளம் ஆண்டுக்கு 350 பவுன்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது. 1662-ல், 29 வயதில், விடியற்காலையில் எழுந்து வாய்ப்பாடு மனப்பாடம் செய்தார். மரம், கயிறு, தார் வியாபாரிகள் கடற்படையை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கணக்குப் பார்த்துப் பிடித்தார். படிப்படியாக உயர்ந்து கடற்படை இலாகாவின் காரியதரிசியாகி, மன்னர்களுக்கு நேரில் யோசனை சொல்லும் நிலைக்கு வந்தார்.

சம்பளம் உயர உயரப் புத்தகமும் உயர்ந்தது. நாற்காலிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புத்தகங்கள் ஏறியபோது, 1666-ல் ஒரு தச்சரை அழைத்துக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் செய்யச் சொன்னார். அலமாரிக்குப் பொருத்தமாகப் புத்தக முதுகுகளுக்குத் தங்கம் பூச ஏற்பாடு செய்தார். அது ஆகஸ்டு மாதம். செப்டம்பர் 2-ந் தேதி லண்டன் பெருந்தீ!

வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பினார். பாலாடைக்கட்டியையும் திராட்சை மதுவையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். வீடு தப்பியது. ஆனால் அவருக்குப் புத்தகம் விற்ற கடைக்காரர், மாதா கோயில் நிலவறையில் வைத்திருந்த சரக்கு முழுவதும் எரிந்து, நொடித்துப் போய், அடுத்த ஆண்டே இறந்தார்.

புத்தகத்துக்கு உடை என்பது பெப்பிசுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வேடிக்கை உண்டு. 1668-ல் வெட்கக்கேடான பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை வாங்கினார். வேண்டுமென்றே மலிவு பைண்டிங்கில் வாங்கினார். படித்து முடித்ததும் எரித்துவிட்டார். நல்ல புத்தகங்களின் நடுவே அது நின்றால் அலமாரிக்கு அவமானமாம்!

பிற்காலத்தில் அவரும் தம் குடும்பச் சின்னத்தை அட்டைகளில் பொறித்தார். கூடவே லத்தீனில் ஒரு வரி: சார்லஸ், ஜேம்ஸ் மன்னர்களின் கடற்படைக் காரியதரிசி சாமுவேல் பெப்பிஸ் என்று. பிரபுக்கள் பரம்பரையைப் பொறித்தார்கள். இவர் பார்த்த உத்தியோகத்தையும் சேர்த்துப் பொறித்தார்.

உத்தியோகம் நிலைக்கவில்லை. பிரான்சுக்குக் கடற்படை ரகசியம் விற்றார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் 1679-ல் லண்டன் கோட்டையில் அடைபட்டார். நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். 1684-ல் திரும்பவும் பதவி. 1688-ல் ஜேம்ஸ் மன்னர் நாட்டை விட்டு ஓடினார். 1689-ல் பெப்பிசின் வேலை நிரந்தரமாகப் போயிற்று.

கூடவும் கூடாது, குறையவும் கூடாது

மனைவி 1669-லேயே இறந்துவிட்டாள். குழந்தை இல்லை. லம்லி பிரபுவின் நிலைமைதான். மிச்சமிருந்தது புத்தகம். அதைத் தம் காலத்துக்குப் பிறகு யாரும் பிரித்து விற்றுவிடக் கூடாது என்பது அவர் கவலை.

30 ஆண்டுகளாகக் கடற்படைக்கு ஒப்பந்தங்கள் எழுதிய கை அல்லவா? எதிராளி எந்தச் சந்தில் நுழைவான் என்பது அவருக்குத் தெரியும். 1703 மே மாதம், சாவதற்குச் சில நாட்களுக்கு முன், உயிலில் பிற்சேர்க்கைகள் எழுதினார்.

நூலகம் தங்கை மகன் ஜான் ஜாக்சனிடம் அவர் ஆயுள்வரை இருக்கும். பிறகு தாம் படித்த மாட்லின் கல்லூரிக்குப் போகும். தனி அறையில், அதே அலமாரிகளில் இருக்க வேண்டும். ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது. ஒரு புத்தகமும் உள்ளே வரக் கூடாது. கல்லூரித் தலைவர் மட்டும் ஒரு சமயத்தில் 10 புத்தகங்கள் வரை தம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இதை மீறினால்? அதற்கும் வழி வைத்தார். நூலகம் முழுவதும் பக்கத்தில் உள்ள டிரினிடி கல்லூரிக்குப் போய்விடும். மீறுகிறார்களா என்று ஆண்டுதோறும் வந்து சோதனை போடும் உரிமையும் அந்த டிரினிடி கல்லூரிக்கே! நூலகம் கிடைத்தால் லாபம் யாருக்கோ, அவரையே காவல் வைத்துவிட்டார்.

மே 26-ந் தேதி பெப்பிஸ் இறந்தார். 1724-ல் புத்தகங்கள் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தன. எண்ணிக்கை சரியாக 3,000. உயர வரிசையில் அடுக்கியவை. முதல் எண் மிகச் சிறிய புத்தகம். 3,000-வது மிகப் பெரியது. 12 அலமாரிகளும் அப்படியே நிற்கின்றன. ஒரு புத்தகமும் விற்பனைக்குப் போகவில்லை.

அந்த 3,000-ல் ஆறு தொகுதிகள், 1660 முதல் 1669 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு. பெரும்பாலும் சுருக்கெழுத்து! நெடுங்காலம் அதை யாரும் பெயர்த்து எழுதவில்லை. 1819-ல் ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குறியாக முட்டி மோதி, மூன்று ஆண்டுகள் பாடுபட்டு, முழுவதையும் பெயர்த்து எழுதினார். 1825-ல் அதில் ஒரு பகுதி அச்சேறியது.

பெப்பிஸ் கற்றது ஷெல்டன் என்பவரின் சுருக்கெழுத்து. அதைச் சொல்லிக்கொடுக்கும் பாடப் புத்தகமும் அந்த 3,000-ல் ஒன்றாக அதே அறையில் இருந்தது. ஸ்மித்துக்கு அது தெரியாது.